ஆபீஸ் கணினியில் அனுமதி இல்லாத மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதோ ஒரு சின்ன மென்பொருளைப் போடலாம் என்று ஃபைலை இரண்டு முறை தட்டுவீர்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். அதற்குப் பிறகு எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்வது ஐடி சப்போர்ட் பக்கம் உட்கார்ந்து பழகிய ஆள். அதற்காக ஐடி டீம் செய்வதெல்லாம் சரி என்று வாதாடப் போவதில்லை. பூட்டை உடைக்கும் வழி தேடி வந்திருந்தால் இங்கே கிடைக்காது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதற்காக இப்படிப் பூட்டி வைக்கிறார்கள்? எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?

உங்கள் மேல் உள்ள சந்தேகம் இதில் ரொம்பக் குறைவு. நீங்கள் திறக்கும் ஃபைல் மேல்தான் சந்தேகம். உங்கள் கணக்குக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அவ்வளவு உரிமை கிடைக்கும். உங்களிடம் அட்மின் உரிமை இருந்தால், தெரியாமல் திறந்த ஒரு கெட்ட ஃபைலும் ஆன்டிவைரஸை அணைக்கலாம், அந்தக் கணினியில் நுழைந்த மற்றவர்களின் பாஸ்வேர்டையும் தேடலாம்.

பூட்டு இரண்டு வகை. எது உங்களைத் தடுத்தது என்று தெரிந்துகொண்டால் டிக்கெட் (ஐடி டீமுக்கு அனுப்பும் கோரிக்கை) போடும்போது உதவும். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்தால், அது உரிமை சார்ந்த பூட்டு. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த யுஏசிதான் (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) அந்தப் பெட்டியைக் காட்டுகிறது. பாஸ்வேர்டு கேட்காமல் ‘உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் இதைத் தடுத்திருக்கிறார்’ என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வந்தால், அது அனுமதிப் பட்டியல் பூட்டு. விண்டோஸ் 7-ல் வந்த ஆப்லாக்கர், அதற்குப் பின் வந்த ஆப் கன்ட்ரோல் போன்றவை இந்த வகை. பட்டியலில் இருப்பது ஓடும், இல்லாதது ஓடாது.

இன்ஸ்டால் செய்யவே விடாத கணினியில் சில மென்பொருள்கள் மட்டும் எப்படி உள்ளே வந்துவிடுகின்றன?

சில மென்பொருள்களுக்கு அட்மின் உரிமையே தேவைப்படாது. குரோம் பிரவுசரும், புரோகிராம் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோடின் ‘யூசர்’ பதிப்பும் அப்படித்தான். சி டிரைவில் எல்லோருக்கும் பொதுவான ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பக்கமே போகாமல், உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உங்கள் இடம் என்பதால் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்பதில்லை.

அனுமதிப் பட்டியல் பூட்டு இருந்தால் இந்த வழியும் அடைபடும். ஆப்லாக்கர் தரும் இயல்பான விதிகளின்படி, விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் உள்ளதை யாரும் ஓட்டலாம். வேறு எங்கிருந்தும் ஓட்ட அட்மினுக்கு மட்டுமே முடியும். சாதாரணக் கணக்கால் புரோகிராம் ஃபைல்ஸில் எதையும் எழுத முடியாது. எழுத முடிந்த இடத்திலிருந்து ஓட்ட முடியாது, ஓட்ட முடிந்த இடத்தில் எழுத முடியாது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. எரிச்சலோடு இருக்கும்போது அழகு தெரியாது, அது வேறு விஷயம்.

ஓடுகிறது என்றால் அனுமதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பல நிறுவனங்கள் ஆப்லாக்கரை முதலில் ‘ஆடிட்’ நிலையில் போட்டு வைக்கும். எதையும் தடுக்காது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கணினியில் நடப்பதைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் லாகில் 8004 என்ற எண் இருந்தால், ஃபைல் தடுக்கப்பட்டது. 8003 என்று இருந்தால், இப்போது ஓட விட்டிருக்கிறது, பூட்டைப் போட்டிருந்தால் தடுத்திருக்கும் என்று பொருள். பயனருக்குத் திரையில் ஒன்றுமே தெரியாது. மென்பொருள் ஜம்மென்று திறக்கும். அந்தப் பக்கம் 8003, 8003, 8003 என்று வரிசையாக விழுந்துகொண்டிருக்கும்.

தொழில்நுட்பத் தடை இல்லாததும் அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட கணினிப் பயன்பாட்டு விதியில் ‘அனுமதியின்றி மென்பொருள் நிறுவக் கூடாது’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். விசாரணை என்று வந்தால் அந்த வரியைத்தான் எடுத்து வைப்பார்கள், ‘ஏன் நீங்கள் தடுக்கவில்லை?’ என்ற கேள்வி எடுபடாது.

பென்டிரைவிலிருந்து போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) மென்பொருளை ஓட்டினால் இன்ஸ்டால் செய்ததாகவே ஆகாதே?

விதியில் ‘நிறுவுதல்’ என்று மட்டும் இருந்தால் வக்கீல் போல வாதாடிப் பார்க்கலாம், ஜெயிப்பது கஷ்டம். பெரும்பாலான விதிகளில் ‘ஓட்டுதல்’ என்றும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். அதோடு பென்டிரைவ் செருகியதே பல இடங்களில் தனிக் குற்றம். ஆபீஸ் கோப்பு வெளியே போகும் வழிகளில் அதுவும் ஒன்று என்பதால், அதைப் பார்க்கும் கண் இன்னும் கூர்மையாக இருக்கும்.

நான் என்ன ஓட்டினேன் என்று ஐடி டீமுக்கு உண்மையிலேயே தெரியுமா?

தெரிய வைக்க முடியும். யாராவது பார்க்கிறார்களா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. விண்டோஸில் தணிக்கையை இயக்கி வைத்தால், ஒவ்வொரு புரோகிராம் தொடங்கும்போதும் 4688 என்ற எண்ணில் ஒரு வரி பதிவாகும். எந்த ஃபைல், எந்த ஃபோல்டர், எந்தக் கணக்கு, எத்தனை மணி எல்லாம் அதில் இருக்கும். இப்போது பல நிறுவனங்களில் இருக்கும், கணினியில் நடப்பதைக் கண்காணிக்கும் இடிஆர் என்ற பாதுகாப்பு மென்பொருள் அதைவிட அதிகம் சேகரித்து உடனே வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பிவிடும். உங்கள் கணினியில் அழித்தால் அங்கே அழியாது.

நாள் முழுக்க உங்கள் திரையை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பிரச்சினைக்காகப் பதிவைப் புரட்டும்போது உங்கள் பெயர் வந்து நிற்கும். நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் வெளிவருகிறது.

ஃபைல் பெயரை மாற்றிவிட்டால்?

பெயரை யார் பார்த்தார்கள்? ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகையையும் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்தையும் பார்ப்பார்கள். பெயரை மாற்றினால் இரண்டும் மாறாது. ‘தெரிந்தே மறைத்தார்’ என்று குறிப்பு எழுதத்தான் அது உதவும்.

நான் போட நினைப்பது உலகமே பயன்படுத்தும் நல்ல மென்பொருள். அதில் என்ன ஆபத்து வந்துவிடும்?

நல்ல மென்பொருளுக்கும் கெட்ட நாள் வரும். கணினியில் வேண்டாத ஃபைல்களைத் துடைக்கும் சிசிகிளீனர் அந்தக் காலத்தில் எல்லோர் கணினியிலும் இருந்த ஒன்று. 2017 ஆகஸ்டில் வெளியான அதன் 5.33 பதிப்பில் யாரோ உள்ளே புகுந்து தீங்கான நிரல் வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். அது வந்தது தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு. சுமார் 22.7 லட்சம் பயனர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். குறி வைத்தது வீட்டுப் பயனர்களை அல்ல. அது தொற்றிய கணினிகளிலிருந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுடையதை மட்டும் பொறுக்கி அடுத்த கட்டத் தாக்குதலை அனுப்பினார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்த காலையில் ஐடி டீம் கேட்கும் முதல் கேள்வி, ‘நம்மிடம் எத்தனை கணினியில் இது இருக்கிறது?’ பட்டியலில் உள்ள மென்பொருளுக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். ஆளாளுக்குத் தாங்களாகப் போட்டதற்குப் பதில் கிடைக்காது. புதிய பதிப்பை அனுப்பி நிறுவவும் முடியாது, ஏனென்றால் அது இருப்பதே தெரியாது.

இதை விடச் சாதாரணமான ஆபத்து போலித் தளம். தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தட்டினால் மேலே விளம்பரமாக வருவது சில சமயம் அச்சு அசலாக அதே போன்ற வேறு தளம். அவசரத்தில் யாரும் முகவரியைப் பார்ப்பதில்லை.

இலவச மென்பொருளில் லைசன்ஸ் பிரச்சினை எப்படி வரும்?

உங்களுக்கு இலவசம், உங்கள் நிறுவனத்துக்கு இலவசமாக இருக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் டீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான், ஆனால் அதோடு சேர்த்துப் போடும் எக்ஸ்டென்ஷன் பேக்கை நிறுவனத்தில் பயன்படுத்த ஆரக்கிளிடம் லைசன்ஸ் வாங்க வேண்டும். புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்டில் விதியை மாற்றியது: 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனத்துக்கு மட்டும் இலவசம். முந்தின நாள் வரை இலவசமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எதையும் தொடாமலேயே விதி மாறிப்போனது.

நீங்கள் ‘சம்மதம்’ என்று தட்டியது உங்கள் பெயரில் இருக்கலாம். டவுன்லோடு ஆனது நிறுவனத்தின் ஐபி முகவரியில். பில் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிராக் செய்த பதிப்பு?

வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஒரு ஃபைலை ஆபீஸ் கணினியில் ஏன் ஓட்டக் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன் மென்பொருளில் சேருமா?

சேரும். சொல்லப்போனால் பல மென்பொருள்களை விட அதற்கு அதிகம் தெரியும். ‘நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்டு நீங்கள் கொடுத்துவிட்டால், ஆபீஸ் மெயில், சம்பளப் பக்கம், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அதன் கண்ணில் படும். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று ஒரு பிரபலமான குரோம் எக்ஸ்டென்ஷன் இருந்தது, சும்மா இருக்கும் டேப்களைத் தூங்க வைக்கும். 2020-ல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. பயனர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. கை மாறியது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எதையும் போடவில்லை, ஒரு இணையதளத்தில் ஃபைலை ஏற்றி மாற்றிக்கொள்கிறேன். ஏஐ தளத்தில் ஒட்டிக் கேட்கிறேன். இதில் என்ன?

கணினிக்கு ஆபத்து குறைவு, தரவுக்கு ஆபத்து அதிகம். பிடிஎஃப் மாற்றித் தரும் இலவசத் தளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றினால் அதன் ஒரு பிரதி யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது. சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மூல நிரலை (சோர்ஸ் கோட்) சாட்ஜிபிடியில் ஒட்டியது 2023-ல் வெளியே வந்தது. மே மாதம் நிறுவனக் கருவிகளில் அத்தகைய ஏஐ சேவைகளுக்கே சாம்சங் தடை போட்டது. ஒட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பிழை திருத்த உதவி கேட்டார்கள்.

மவுஸைத் தானாக அசைக்கும் சின்ன புரோகிராம்?

2024-ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வது போலக் கீபோர்டு இயக்கத்தைப் போலியாகக் காட்டியதாகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது. இங்கே விஷயம் மென்பொருள் அனுமதியைத் தாண்டி ஏமாற்று என்ற கணக்கில் போய்விடும். திரை அடிக்கடி பூட்டிக்கொள்வதுதான் தொல்லை என்றால் அந்த நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். பிரசன்டேஷன் கொடுப்பவர்களுக்கு நாங்கள் கூட்டித் தந்திருக்கிறோம்.

லினக்ஸ் உள்ள யூஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் விண்டோஸ் பூட்டு எதுவும் பொருந்தாதே?

டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கி வைக்கும் பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டியிருந்தால் உங்கள் கோப்புகளையே அங்கிருந்து பார்க்க முடியாது. விண்டோஸுக்கு முன் ஓடும் பயாஸ் அமைப்பில் கை வைத்து, நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடும் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்க வாய்ப்பு அதிகம். அந்த எண் ஐடி டீமிடம்தான் இருக்கும். போன் செய்து என்னவென்று சொல்வீர்கள்?

கேட்டால் ‘முடியாது’ என்றுதானே சொல்வார்கள்?

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. ‘வின்மெர்ஜ் வேண்டும், அவசரம்’ என்று ஒரு வரி டிக்கெட் வந்தால், அதைத் திறந்தவருக்கு அது என்னவென்று தேட வேண்டும், லைசன்ஸ் பார்க்க வேண்டும், எதற்கு என்று உங்களிடம் திரும்பக் கேட்க வேண்டும். வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வேலை: சப்ளையர் அனுப்பும் விலைப்பட்டியல் சிஎஸ்வி கோப்பைப் பழையதோடு ஒப்பிட்டு மாறிய வரிகளைக் கண்டுபிடிப்பது. இப்போது கண்ணால் பார்த்துச் செய்கிறேன். ஒரு கோப்புக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, தவறும் வருகிறது. தேவை: வின்மெர்ஜ், தயாரிப்பாளர் தளத்தில் உள்ள தற்போதைய பதிப்பு. லைசன்ஸ் ஜிபிஎல், ஆபீஸ் வேலைக்கும் கட்டணம் இல்லை. கோப்புகள் என் கணினியை விட்டு வெளியே போகாது. இதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். மேனேஜருக்குக் காப்பி வைத்திருக்கிறேன்.’

இதில் சரிபார்க்க வேண்டியதெல்லாம் எழுதியே வந்துவிட்டது. எனக்குப் பிடித்த வரி கடைசிக்கு முந்தினது. பொருளைக் கேட்காமல் வேலையைச் சொல்லிக் கேட்கும்போது, ஐடி டீமுக்கு ‘சரி’ சொல்ல இரண்டு மூன்று வழி கிடைக்கிறது. நீங்கள் கேட்டது கிடைக்கலாம், அதற்கு இணையான ஒன்று அன்றைக்கே கிடைக்கலாம். பல நிறுவனங்களில் ‘கம்பெனி போர்ட்டல்’ அல்லது ‘சாஃப்ட்வேர் சென்டர்’ என்ற பெயரில் அனுமதித்த மென்பொருள்களின் பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கும். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் நீங்களே போட்டுக்கொள்ளலாம். திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம்.

விண்டோஸுக்குள்ளேயே இருப்பதையும் ஒரு தடவை பாருங்கள். காப்பி செய்ததையெல்லாம் நினைவு வைக்க தனி மென்பொருள் கேட்டு வரும் டிக்கெட்டுகளில் பாதிக்கு விண்டோஸ் விசையும் ‘வி’யும் சேர்த்துத் தட்டினாலே போதும், 2018-லிருந்து இருக்கிறது. ஆர்ஏஆர், 7இசட் கோப்புகளைத் திறக்க விண்டோஸ் 11-க்கு 2023-லிருந்து வேறு எதுவும் தேவையில்லை.

நல்லபடியாகத்தான் கேட்டேன். வாரக்கணக்கில் பதிலே இல்லை.

இது ஐடி டீமின் தவறு, சந்தேகமே வேண்டாம். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் கிடப்பில் போடும் இடத்தில்தான் ஆட்கள் குறுக்கு வழி தேடுவார்கள். பூட்டை இறுக்கிக்கொண்டே போய், கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆள் போடாத நிர்வாகம் தன் பாதுகாப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

நீங்கள் செய்யக் கூடியது: டிக்கெட் எண்ணைப் போட்டு மேனேஜர் வழியாகக் கேளுங்கள், தாமதத்தால் எத்தனை மணி நேரம் வீணாகிறது என்ற கணக்கோடு. ‘எனக்கு வேண்டும்’ என்பதை விட ‘மாதக் கடைசி ரிப்போர்ட் தள்ளிப்போகிறது’ என்பது வேகமாக நகரும். அதே தேவை இன்னும் நான்கு பேருக்கு இருந்தால் ஒரே டிக்கெட்டில் சேர்ந்து கேளுங்கள்.

மேனேஜர் ‘பரவாயில்லை, போட்டுக்கோ’ என்றார். போதாதா?

வாயால் சொன்னது போதாது. மென்பொருளுக்கு அனுமதி தரும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்பதும் தெரியாது. ‘நீங்கள் சொன்னபடி இன்ன மென்பொருளுக்காக ஐடி டீமிடம் கேட்கிறேன்’ என்று அவருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் இல்லாமல் என்னால் கணினியையே பயன்படுத்த முடியாது. நானும் வரிசையில் நிற்க வேண்டுமா?

நிற்கக் கூடாது. வேலைக்குச் சேரும் முதல் நாளே அது கணினியில் இருக்க வேண்டும், அதை ஹெச்ஆர் வழியாகவே கேளுங்கள். என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசம், போர்ட்டபிள் பிரதியும் எடுக்கலாம். ஆனால் போர்ட்டபிள் பிரதியால் லாகின் திரையில் தானாகத் தொடங்க முடியாது, யுஏசி பெட்டியையும் படிக்க முடியாது. முறையாக நிறுவிக் கேட்பதற்கு அதுவே போதுமான தொழில்நுட்பக் காரணம். அதையே டிக்கெட்டில் எழுதுங்கள்.

தொல்லையே வேண்டாம், சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் வேலையைப் பார்த்துவிடுகிறேன்.

2022-ல், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் சேவை தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்தது இதற்குப் பொருந்தும். அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் படம் பார்க்கும் மீடியா மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் ஓட்டைக்கு 2020-லேயே திருத்தம் வந்துவிட்டது, அவர் புதுப்பிக்கவில்லை. தாக்கியவர்கள் அதன் வழியாக உள்ளே வந்து, விசை அழுத்தங்களைப் பதிவு செய்து, அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்தார்கள். அதிலிருந்து வாடிக்கையாளர்களின் பேக்அப் வரை போனார்கள். ஆபீஸ் கணினியில் அந்த மீடியா மென்பொருள் இருந்திருக்கவே வாய்ப்பில்லை.

ஏற்கெனவே ஒன்றைப் போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பெயர், எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதி, என்ன கோப்புகளை அதில் திறந்தீர்கள், இவ்வளவு போதும். தாங்களாக வந்து சொல்பவர்களிடம் பெரும்பாலான ஐடி டீம்கள் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஏதாவது விசித்திரமாக நடந்திருந்தால், கறுப்புத் திரை ஒன்று மின்னி மறைந்தாலோ பிரவுசர் தானாக மாறியிருந்தாலோ, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு உடனே போன் செய்யுங்கள். கணினியை அணைக்க வேண்டாம், மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். அன்இன்ஸ்டால் செய்தும் வைக்க வேண்டாம்.

வேலையை விட்டுப் போகிறேன். நானாகப் போட்டதையெல்லாம் துடைத்துவிட்டு லேப்டாப்பைக் கொடுக்கலாமா?

துடைக்கும் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். கடைசி வாரத்தில் கோப்புகளை மொத்தமாக அழிப்பது தானாகவே எச்சரிக்கை எழுப்பும், நீங்கள் மறைத்தது ஒரு சாதாரண ஸ்கிரீன்ஷாட் கருவியாக இருந்தாலும் சரி. பிரவுசரில் உள்ள சொந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். சொந்தப் படங்கள், சம்பளச் சீட்டுகள் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத மென்பொருள் எது இருக்கிறது என்று ஒப்படைக்கும் படிவத்தில் எழுதுங்கள். முக்கியமாக, டீமின் ரிப்போர்ட் ஏதாவது நீங்கள் போட்ட கருவியை நம்பி ஓடுகிறதென்றால் அதைப் போகும் முன் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதக் கடைசியில் உங்கள் இடத்துக்கு வந்தவர் எங்களுக்கு டிக்கெட் போடுவார், உங்களுக்குப் போன் வரும்.